பைபர் படகுப் பட்டறையில் ரேஸ் காருக்கு விங் செய்யலாமா? வழி சொல்லுங்கள்

தங்கச்சிமடத்தான் எழுதியது:

வணக்கம். மெக்கானிக்கல் மூன்றாம் வருடம் படிக்கிறேன். மாணவர்கள் தாங்களே ரேஸ் கார் கட்டி ஓட்டும் ஃபார்முலா பாரத் போட்டிக்கு எங்கள் கல்லூரி அணி முதல் தடவையாக ஒரு கார் கட்டிக்கொண்டிருக்கிறது, ஜனவரியில் கோயம்புத்தூர் கரி மோட்டார் ஸ்பீட்வேயில் போட்டி. சேசிஸ் வெல்டிங் முடிந்து சஸ்பென்ஷன் வேலை ஓடுகிறது. ஏரோ, அதாவது காற்றைப் பயன்படுத்திக் காரைக் கீழே அழுத்தும் விங் வேலை, என் பொறுப்பு. அணியில் பாதிப் பேர் விங்கே வேண்டாம் என்கிறார்கள். ஐம்பது அறுபது கிலோமீட்டர் வேகத்தில் காற்று என்ன பெரிதாக அழுத்திவிடப் போகிறது, வீண் எடை, அந்தக் காசுக்கு நல்ல டயர் வாங்கலாம் என்று. எனக்கு மனசு கேட்கவில்லை.

கார்பன் ஃபைபரில் வெளியே செய்து வாங்க எங்களிடம் பணம் இல்லை. இருக்கிற ஒரே பலம் என் மாமாவின் பட்டறை. பாம்பனில் இருபது வருடமாகப் பைபர் படகு செய்கிறார். கண்ணாடி இழை மேட், ரெசின், ரோலர், மோல்டு எல்லாம் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது, கூட வேலை செய்ய இரண்டு அண்ணன்கள் இருக்கிறார்கள். போன வாரம் ஒரு சோதனை செய்து பார்த்தேன். மீன் பெட்டித் தெர்மாகோலை விங் வடிவத்துக்கு அறுத்து, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, மேலே மேட் விரித்து, படகுக்குப் பூசும் அதே ரெசினைக் கலந்து பூசினேன். பிரஷ் பட்ட இடமெல்லாம் உள்வாங்க ஆரம்பித்தது. வெள்ளை மணிகள் ஒவ்வொன்றாகக் கரைந்து கூழாகி, மேட் மட்டும் சொதசொதவென்று பலகையோடு படுத்துவிட்டது. இரண்டு நாள் வேலை ஐந்து நிமிடத்தில் போனது. மாமா அப்போது கடைவீதிக்குப் போயிருந்தார், இருந்திருந்தால் முதலிலேயே தடுத்திருப்பார்.

கேட்க வேண்டியது இதுதான். இந்த வேகத்துக்கு விங் உண்மையிலேயே பயன் தருமா? பின் விங் மட்டும் வைத்தால் போதுமா? படகு செய்யும் சாமான்களை வைத்தே ஒழுங்கான விங் செய்ய முடியுமா, இல்லை எல்லாம் வேறு வாங்க வேண்டுமா? அனுபவம் உள்ளவர்கள் விரிவாகச் சொன்னால் பெரிய உதவி.


கீழக்கரை காக்கா எழுதியது:

தம்பி, விங் வேண்டாம் என்கிறவர்களை ஆடி மாதத்தில் ஒரு நாள் பாம்பன் ரோட்டுப் பாலத்தில் நடந்து போகச் சொல்லுங்கள். பக்கத்துப் பழைய ரயில் பாலம் ஓடிய காலத்தில் காற்று மணிக்கு 58 கிலோமீட்டரைத் தாண்டினால் ரயிலை விட்டதில்லை, நம் ஊரில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். உங்கள் கார் ஓடப்போகும் வேகமும் ஏறக்குறைய அதேதான். கார் நின்று காற்று வந்தாலும் காற்று நின்று கார் போனாலும் விங்குக்கு இரண்டும் ஒன்று. ரயிலையே நிறுத்திவைத்த காற்று இரண்டு அடி அகலத் தகட்டை ஒன்றும் செய்யாது என்று எப்படிச் சொல்கிறார்கள்?

கணக்கைப் போட்டுக் காட்டுங்கள், வாய்ப்பேச்சு வேண்டாம். காற்றின் அடர்த்தியில் பாதி, வேகத்தின் வர்க்கம், விங்கின் பரப்பு, லிஃப்ட் குணகம் (விங்கின் வடிவத்தைப் பொறுத்த எண்), நான்கையும் பெருக்கினால் விசை. நம் வெயிலுக்கு அடர்த்தி ஒரு கன மீட்டருக்கு 1.16 கிலோ என்று வையுங்கள். 90 செ.மீ. நீளம், மெயின் பலகையும் அதன் பின்னால் வரும் சின்ன ஃபிளாப்பும் சேர்த்து 60 செ.மீ. அகலம் உள்ள பின் விங், குணகம் 2.2 என்றால் பரப்பும் குணகமும் பெருக்கி ஏறக்குறைய 1.2 வரும். மணிக்கு 60 கி.மீ. என்பது நொடிக்கு 16.7 மீட்டர். பெருக்கிப் பாருங்கள், 193 நியூட்டன், அதாவது 20 கிலோ எடைக்குக் கொஞ்சம் குறைவு. நீளமான நேர்ப்பாதையின் கடைசியில் 100ஐத் தொட்டால் அதுவே 55 கிலோ ஆகிவிடும், ஏனென்றால் வேகம் வர்க்கத்தில் ஏறுகிறது. அதே காரணத்தால் ஸ்கிட்பேட் என்கிற எட்டு வடிவ வட்டச் சுற்றில் பெரிதாக எதிர்பார்க்காதீர்கள். அங்கே உள்வட்டம் 15.25 மீட்டர் விட்டம், வேகம் முப்பத்தேழு முப்பத்தெட்டுதான், விங் தருவது ஏழு எட்டுக் கிலோ. பலன் தெரியும் இடம் ஆட்டோகிராஸும் (வளைவுப் பாதையில் ஒரு சுற்று) எண்டூரன்ஸும் (நீண்ட ஓட்டம்).

இருபது கிலோ சிமெண்ட் மூட்டையை ஏற்றினாலும் டயர் அழுந்தத்தானே செய்யும் என்று யாராவது கேட்பார்கள். அழுந்தும், ஆனால் வளைவில் அந்த மூட்டையையும் சேர்த்து டயர் திருப்ப வேண்டும். காற்றின் அழுத்தத்துக்கு நிறை கிடையாது, அதைத் திருப்ப வேண்டிய வேலை டயருக்கு இல்லை. பிடி மட்டும் கூடுகிறது. அதனால்தான் விங்கின் சொந்த எடை முக்கியம். எட்டுக் கிலோவில் ஒரு விங் செய்து அதைத் தலைக்கு மேல் உயரத்தில் நிறுத்தினால் பாதி லாபம் அங்கேயே போய்விடும்.

இரண்டாவது கேள்விக்கு வருகிறேன், இதில்தான் முதல் தடவை செய்கிற நிறைய அணிகள் சறுக்குகின்றன. பின் விங் பின் ஆக்சிலுக்குப் பின்னால் தொங்குகிறது. கிணற்று ஏற்றத்தின் ஒரு முனையில் உட்கார்ந்தால் மறுமுனை எழும்புகிற மாதிரி, பின்னால் அழுத்தினால் முன்பக்கம் லேசாகிறது. ஆக்சிலிலிருந்து கால் மீட்டர் பின்னால் 193 நியூட்டன், தரையிலிருந்து ஒரு மீட்டர் உயரத்தில் 60 நியூட்டன் டிராக் (பின்னால் இழுக்கும் விசை), வீல்பேஸ் (முன் பின் ஆக்சில் இடைவெளி) 1.55 மீட்டர் என்று போட்டால் முன் சக்கரங்களிலிருந்து 70 நியூட்டன், ஏழு கிலோ கழன்றுவிடும். ஓட்டுகிறவர் ஸ்டியரிங்கை ஒடிப்பார், கார் நேராகப் போகும். அதனால் முன் விங்கையும் சேர்த்துத் திட்டமிடுங்கள். அது தரைக்குப் பக்கத்தில் ஓடுவதால் சின்னதாக இருந்தாலும் நன்றாக இழுக்கும், தரைக்கும் விங்குக்கும் நடுவே காற்று நெருக்கப்பட்டு வேகமெடுக்கிறது, அங்கே அழுத்தம் குறைகிறது. முன் பின் இரண்டுக்கும் நேரம் போதாது என்றால் பின் விங்கின் கோணத்தைக் குறைத்துவிடுங்கள். வெறும் பின் விங்கை முழுக்க நிமிர்த்தி வைத்து ஓட்டுவதை மட்டும் செய்ய வேண்டாம்.

வடிவத்துக்கு எல்லோரும் செலிக் எஸ் 1223 என்று ஓடுவார்கள். நல்லதுதான், இந்த வேகத்தில் ரெனால்ட்ஸ் எண் (வேகம், அகலம், காற்றின் பிசுக்கு மூன்றையும் சேர்த்த அளவு) சில லட்சம்தான், அந்த அளவுக்கென்றே அமைந்த வடிவம். ஆனால் அதன் பின்விளிம்பு பிளேடு மாதிரி மெல்லியது, வளைந்து வேறு இருக்கும். கையால் செய்கிறவர்களுக்கு அது உடையும் அல்லது கோணும். பின்விளிம்பை இரண்டு மூன்று மில்லிமீட்டர் தடிமனுக்கு மாற்றி வரைந்துகொள்ளுங்கள், இழப்பு சொற்பம். ஃபிளாப்புக்கும் மெயினுக்கும் நடுவே இடைவெளி மொத்த அகலத்தில் ஒன்றிலிருந்து இரண்டு சதவீதம், உங்களுக்கு 6 முதல் 12 மில்லிமீட்டர். விங்கின் இரு முனையிலும் நிற்கும் எண்ட் பிளேட்டில் மூன்று நான்கு துளை போட்டு வைத்தால் பிறகு மாற்றிப் பார்க்கலாம். இன்னும் கொஞ்சம் அழுத்தம் வேண்டுமென்றால் பின்விளிம்பில் ஒரு சென்டிமீட்டர் அலுமினிய எல் ஆங்கிளை ஒட்டுங்கள். 1971இல் அமெரிக்க ரேஸர் டான் கர்னி ரேஸ் காருக்குக் கொண்டுவந்தது, இன்றைக்கும் வேலை செய்கிறது.

கடைசியாக ஒன்று. 1969இல் ஸ்பெயினில் மோன்ஜுயிக் தெருப் பாதையில் கிரஹாம் ஹில், யோகன் ரிண்ட் இருவரின் லோட்டஸ் கார்களிலும் உயரமான பின் விங் ஓடும்போதே மடங்கி, இரண்டு கார்களும் ஒரே இடத்தில் போய் மோதின. அடுத்த மொனாகோ போட்டியிலேயே உயர விங்குகளைத் தடை செய்தார்கள். மடங்கியது காரின் குறையால் அல்ல, விங் தன் வேலையைச் செய்ததால். கீழே அழுத்துகிற விசையைத் தாங்கும் அளவுக்கு அதன் கட்டமைப்பு பலமாக இல்லை. விங்கை வரைவதற்கு முன்னால் அதை எங்கே எப்படித் தாங்கப் போகிறீர்கள் என்பதை வரையுங்கள். கணக்கை 60க்குப் போடாமல் 100க்குப் போடுங்கள்.


தேவிபட்டினம் பட்டறை எழுதியது:

தம்பி, தெர்மாகோல் கரைந்தது உங்கள் தப்பு இல்லை. நாம் படகுக்குப் போடுவது பாலியஸ்டர் ரெசின், அதில் ஸ்டைரீன் இருக்கிறது. தெர்மாகோலும் அதே ஸ்டைரீனிலிருந்து செய்ததுதான், அதனால் பார்த்த உடனே கரைத்துவிடும். பெட்ரோல் ஊற்றினாலும் அப்படித்தான் ஆகும். நீல நிறத்தில் பலகை பலகையாக வரும் எக்ஸ்பிஎஸ் ஷீட்டும் இதற்கு ஆகாது. பாலியஸ்டரையே போட வேண்டுமென்றால் உள்ளே பியூ ஃபோம் வையுங்கள், அது கரையாது. படகில் மிதப்புக்காக அடைக்கும் மஞ்சள் ஃபோம்தான், உங்கள் மாமாவிடமே துண்டு துண்டாகக் கிடக்கும்.

என் யோசனை வேறு. ஃபோமை உள்ளே வைத்து மேலே பூசினால் வெளிப்பக்கம் கரடுமுரடாக வரும், அதைப் பட்டி வைத்துத் தேய்த்துத் தேய்த்தே எடை கூடிவிடும். வல்லம் படகுக்குச் செய்கிற மாதிரி மோல்டு எடுங்கள். மேல் பாதிக்கு ஒன்று, கீழ்ப் பாதிக்கு ஒன்று. எம்டிஎஃப் பலகையை அடுக்கி ஒட்டி வடிவம் இழைத்து, பட்டி வைத்து, 120 நம்பர் உப்புத்தாளில் ஆரம்பித்து 1000 வரை தண்ணீர் போட்டுத் தேயுங்கள். விரலை வைத்து இழுத்தால் எங்கேயும் தட்டக்கூடாது. கண்ணை மூடிக்கொண்டு தடவிப் பாருங்கள், கண்ணுக்குத் தெரியாத மேடு விரலுக்குத் தெரியும். அப்புறம் வேக்ஸ் ஆறு தடவை, ஒவ்வொரு தடவையும் காயவிட்டுத் துடைத்து. முதல் மோல்டு என்றால் அதற்கு மேல் பிவிஏ என்கிற ஒட்டாமல் தடுக்கும் திரவமும் அடியுங்கள், இல்லாவிட்டால் ஒட்டிக்கொண்டு மோல்டும் போகும் பொருளும் போகும். நம் கடற்கரையில் ஒரு ராத்திரி வெளியே கிடந்தாலே மோல்டு மேல் உப்பு படிந்துவிடும், காலையில் நல்ல தண்ணீரில் நனைத்த துணியால் துடைத்து உலர்த்திவிட்டு வேக்ஸ் போடுங்கள்.

ஜெல் கோட் வேண்டாம். படகுக்கு உப்புத் தண்ணீர் உள்ளே இறங்காமல் இருக்க அது வேண்டும், உங்கள் விங் கடலில் கிடக்கப் போவதில்லை. அரை மில்லிமீட்டர் அடித்தாலே சதுர மீட்டருக்கு 600 கிராம் ஏறிவிடும்.

பையன்கள் நான்கைந்து பேர் சேர்ந்து வேலை செய்வீர்கள், அதனால் இதைச் சொல்லாமல் விட முடியாது. கோபால்ட்டையும் (ரெசின் காய்வதை முடுக்கும் திரவம்) ஹார்டனரையும் ஒன்றோடு ஒன்று நேராகக் கலக்கவே கூடாது. முதலில் ரெசினில் கோபால்ட், நன்றாகக் கலக்கிய பிறகுதான் ஹார்டனர். இரண்டும் நேராகச் சேர்ந்தால் பொங்கித் தீப்பிடிக்கும், வெடிக்கவும் செய்யும். இரண்டு பாட்டிலையும் ஒரே அலமாரியில் வைக்காதீர்கள். ஹார்டனர் கண்ணில் பட்டால் பார்வை போகும், கண்ணாடி போடாமல் யாரும் மூடியைத் திறக்க வேண்டாம்.


உச்சிப்புளிக்காரி எழுதியது:

நான் படிக்கும்போது எங்கள் அணியில் ஏரோவும் பாடியும் பார்த்தேன், இப்போது காம்போசிட் பாகங்கள் செய்யும் வேலையில் இருக்கிறேன். அண்ணன் மோல்டு பற்றிச் சொன்னது அத்தனையும் சரி, ஆனால் மேட்டும் பாலியஸ்டரும் விங்குக்கு வேண்டாம். அதில் நான் உறுதியாக இருக்கிறேன்.

காரணம் எடை. 450 கிராம் மேட் ஒரு சதுர மீட்டர் எடுத்தால் அது தன் எடையைப் போல இரண்டேகால் மடங்கு ரெசினைக் குடிக்கும். இரண்டு அடுக்கு வைத்தால் சதுர மீட்டருக்கு மூன்று கிலோவை ஒட்டி வந்துவிடும். காக்கா சொன்ன அளவில் பின் விங்குக்கும் எண்ட் பிளேட்டுக்கும் சேர்த்து மூட வேண்டிய பரப்பு இரண்டு சதுர மீட்டர், ஆக தோல் மட்டும் ஆறு கிலோ. அதே இடத்தில் 200 கிராம் நெய்த கண்ணாடித் துணி இரண்டு அடுக்கு, எடைக்கு எடை எப்பாக்ஸி ரெசின் என்று போட்டால் சதுர மீட்டருக்கு 800 கிராம், மொத்தம் 1.6 கிலோ. மேட்டில் இழைகள் இஷ்டத்துக்குச் சிதறிக் கிடக்கும், துணியில் நேராக ஓடும், அதனால் எடைக்கு எடை பார்த்தால் துணிக்குத்தான் விறைப்பு அதிகம். வத்தைப் படகு கரையில் இழுபடும், கல்லில் இடிபடும், அதற்கு மேட்டின் தடிமன் வேண்டும். விங்குக்கு அந்த வேலை இல்லை.

மிச்சமிருக்கிற மேட்டை எப்பாக்ஸியோடு போடலாமே என்று நினைக்க வேண்டாம். மேட்டில் இழைகளை ஒட்டி வைத்திருக்கும் பசை ஸ்டைரீனில்தான் கரையும், எப்பாக்ஸியில் கரையாது. விறைத்துக்கொண்டு நிற்கும், மூலையில் படியவே படியாது.

எப்பாக்ஸி போட்டால் உள்ளே தெர்மாகோலும் எக்ஸ்பிஎஸ்ஸும் வைக்கலாம், கரையாது. முதல் வருடத்துக்கு நான் இதைத்தான் சொல்வேன்: எக்ஸ்பிஎஸ் பலகையை நிக்ரோம் கம்பியால் சூடு வைத்து அறுங்கள். இரண்டு முனையிலும் விங் வடிவத்தில் மைக்கா ஷீட் வெட்டி ஒட்டி, அதன் மேல் கம்பியை இரண்டு பேர் ஒரே வேகத்தில் இழுக்க வேண்டும். வடிவத்தின் மேல் எண்களைக் குறித்துக்கொண்டு ஒருவர் சத்தமாகச் சொல்லச் சொல்ல இழுங்கள், ஒருவர் முந்தினால் நடுவில் பள்ளம் விழும். காற்றோட்டமான இடத்தில் செய்யுங்கள், அந்தப் புகை நல்லதில்லை. நீளவாக்கில் ஒரு அலுமினியக் குழாய், தாங்கும் இடங்களில் ஃபோமுக்குப் பதில் பிளைவுட். போல்ட்டை ஃபோமின் மேல் நேராக முறுக்கினால் ஃபோம் நசுங்கி ஒரே ஓட்டத்தில் ஆட்டம் கொடுத்துவிடும்.

உங்கள் மாமாவும் அண்ணன்களும் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. பாலியஸ்டரில் வெயிலைப் பார்த்து ஹார்டனரைக் கூட்டிக் குறைப்பது அவர்களுக்குக் கைவந்த கலை. எப்பாக்ஸியில் அது நடக்காது. டப்பாவில் போட்டிருக்கும் விகிதம் எதுவோ அதே எடையில், தராசில் வைத்துக் கலக்க வேண்டும். கூட்டினால் சீக்கிரம் காயாது, காயாமலே போகும். ஒரு தடவைக்கு 200 கிராமுக்கு மேல் கலக்காதீர்கள், நம் ஊர்ச் சூட்டில் மக்கில் மொத்தமாக வைத்தால் தானே கொதித்துப் புகையும். கலந்த உடனே அகலமான தட்டில் ஊற்றிவிடுங்கள். அப்புறம் ஈரக்காற்று. ராத்திரி பூசினால் காலையில் மேலே எண்ணெய் தடவியது மாதிரி ஒரு வழுவழுப்பு இருக்கும். அதன் மேல் அடுத்த அடுக்கு ஒட்டாது, பாத்திரம் தேய்க்கும் பச்சை நாரும் தண்ணீரும் போட்டுத் தேய்த்துக் கழுவிக் காயவிட்டுத்தான் தொடர வேண்டும். துணியை எப்போதும் பிளாஸ்டிக் உறையில் கட்டி வீட்டுக்குள் வையுங்கள்.

முடிந்தால் வாக்யூம் போடுங்கள். பழைய பிரிட்ஜ் கம்ப்ரசர் போதும். முழு வாக்யூமில் சதுர மீட்டருக்கு எட்டு டன்னுக்கு மேல் அழுத்தும், எக்ஸ்பிஎஸ் அதைத் தாங்கும், மீன் பெட்டித் தெர்மாகோலை நம்ப முடியாது, நசுங்கலாம்.

கார்பன் பற்றி ஏங்க வேண்டாம். கார்பன் இழையின் விறைப்பு கண்ணாடி இழையைப் போல மூன்று மடங்கு, உண்மைதான், ஆனால் ஃபோம் உள்ளே இருக்கும் சின்ன விங்குக்குக் கண்ணாடித் துணியின் விறைப்பே போதும். எங்கேயாவது ஒரு பட்டை கார்பன் கிடைத்து வைத்தால் அலுமினியத்தோடு நேராகத் தொடவிடாதீர்கள், நடுவே ஒரு அடுக்குக் கண்ணாடித் துணி வையுங்கள். உப்புக் காற்றில் அலுமினியம் அரித்துப் பொடியாகிவிடும்.

என்னுடைய ஒரு தவறையும் சொல்கிறேன், நீங்கள் செய்யக்கூடாது என்பதற்காக. எங்கள் முதல் விங்குக்கு ஆசையாகக் கறுப்புப் பெயிண்ட் அடித்தோம். சாதாரணச் சூட்டில் காயும் எப்பாக்ஸி ஐம்பது அறுபது டிகிரியிலேயே இளகத் தொடங்கும் என்பது தெரியாது. குட்டி யானையில் இரண்டு கட்டைகளுக்கு நடுவே படுக்கவைத்துக் கட்டி, மத்தியான வெயிலில் கோயம்புத்தூர் வரை கொண்டுபோனோம். இறக்கும்போது ஃபிளாப் நடுவில் தொய்ந்து வாழைப்பழம் மாதிரி வளைந்திருந்தது. தொட்டால் சுட்டது. இடைவெளி ஒரு முனையில் 10 மில்லிமீட்டர், நடுவில் ஒன்றுமே இல்லை. அன்று இரவு முழுக்க நாலு பேர் உட்கார்ந்து அதை நிமிர்த்தப் பார்த்து முடியாமல், விங் இல்லாமலே ஓடினோம். வெள்ளை அடியுங்கள். காய்ந்த பிறகு பெட்டி மாதிரி மூடி உள்ளே பல்பு வைத்து 60 டிகிரியில் ஒரு ராத்திரி வைத்திருந்தால் இன்னும் நல்லது, விங்கை முழு நீளத்துக்கும் தாங்கி வைத்து.

ஓட்டத்துக்கு முன் காரைச் சோதிக்கும் ஸ்குரூட்டினியில் விங்கை அழுத்திப் பார்ப்பார்கள். 225 சதுர சென்டிமீட்டர் பரப்பில் 200 நியூட்டன் கொடுத்தால் 10 மில்லிமீட்டருக்கு மேல் வளையக்கூடாது. 15க்கு 15 பலகை ஒன்றை விங் மேல் வைத்து அதன் மேல் இருபது கிலோ வைத்துப் பட்டறையிலேயே பார்த்துவிடுங்கள். முன் விளிம்பு உருண்டையாக இருக்க வேண்டும், படுக்கை விளிம்புக்கு 5 மில்லிமீட்டர் ஆரம், செங்குத்து விளிம்புக்கு 3. பின் விங் தரையிலிருந்து 1.2 மீட்டருக்குள். எதற்கும் அந்த வருடத்து ரூல் புக்கை ஒரு தடவை வரிவரியாகப் படித்துவிட்டு மோல்டில் கை வையுங்கள்.


தொண்டி பாய்மரம் எழுதியது:

எனக்குக் கார் தெரியாது, பாய் தெரியும். எங்கள் பக்கம் திருவிழாவுக்குப் பாய்மரப் போட்டி விடுவார்கள், சின்ன வயதிலிருந்து போகிறேன். பாயைத் தட்டையாக இழுத்துக் கட்டினால் ஓடாது, கொஞ்சம் வயிறு விட வேண்டும், அதிகம் விட்டாலும் ஓடாது, பின்னால் படபடவென்று அடிக்கும். நீங்கள் எல்லோரும் சொல்வதைப் படித்தால் விங்கும் அதே சமாச்சாரம்தான் என்று தோன்றுகிறது. பாய் சரியாக நிற்கிறதா என்று பார்க்க அதில் நூல் கட்டுவார்கள். நூல் பாயோடு ஒட்டி ஓடினால் சரி, சுழன்றால் காற்று பாயை விட்டுவிட்டது என்று அர்த்தம். உங்கள் விங்கிலும் நூல் ஒட்டிப் பாருங்களேன். இப்போது மேற்கிலிருந்து வரும் கச்சான் காற்று நன்றாக அடிக்கிறது, புரட்டாசி தாண்டினால் இந்த மாதிரி ஒரே சீராகக் கிடைக்காது.


கீழக்கரை காக்கா எழுதியது:

தொண்டி அண்ணன் சொன்னதுதான் இந்தத் திரியிலேயே உங்களுக்கு அதிகம் பயன்படப்போவது, தம்பி. டிசைன் சுற்றில் நடுவர்கள் கேட்கும் முதல் கேள்வி, கம்ப்யூட்டரில் வந்த எண் சரி என்று உனக்கு எப்படித் தெரியும் என்பதுதான். காற்றுச் சுரங்கம் நம்மிடம் கிடையாது. கடற்கரை இருக்கிறது.

மீன் எடை போடும் டிஜிட்டல் தராசு ஒன்றை வாங்கி, அதன் மேல் விங்கை அதன் ஸ்டாண்டோடு நிறுத்தி, காற்றுக்கு நேராக வையுங்கள். சாய்ந்து விழாமல் ஸ்டாண்டின் அடியை அகலமாகச் செய்து, இரண்டு பக்கமும் தொய்வான கயிறு கட்டுங்கள். விங் உயரத்திலேயே ஒரு கைக் காற்றுமானி. தராசும் காற்றுமானியும் ஒரே படத்தில் விழுகிற மாதிரி போனில் அரை மணி நேரம் வீடியோ எடுத்து, பிறகு நிறுத்தி நிறுத்தி எண்களை எழுதுங்கள். நொடிக்கு 8 மீட்டர் காற்றில் நாலரைக் கிலோ கூடுதலாகக் காட்ட வேண்டும், கணக்கு அதைத்தான் சொல்கிறது. காற்று விட்டுவிட்டு அடிக்கும், ஒரு எண்ணை நம்பாதீர்கள், நூறு எண் எடுங்கள். நூலுக்குக் கம்பளி நூல் நல்லது, விரல் நீளத்துக்கு வெட்டி டேப்பால் ஒட்டுங்கள். வலை நூல் வேண்டாம், நைலான் விறைத்துக்கொண்டு நிற்கும். நூலைக் கீழ்ப்பக்கம் ஒட்ட மறக்காதீர்கள். ரேஸ் கார் விங்கில் இழுப்பு நடப்பது கீழ்ப்பக்கம்தான், காற்று முதலில் கைவிடுவதும் அங்கேதான், முக்கியமாக ஃபிளாப்பின் கடைசி மூன்றில் ஒரு பங்கில். அதே காரணத்தால் கீழ்ப்பக்கத்தை அதிகம் தேயுங்கள், தாங்கும் கம்பியை முடிந்தால் மேலிருந்து வளைத்துக் கொண்டுவந்து பிடியுங்கள்.

தனுஷ்கோடி ரோட்டில் வண்டியில் கட்டி ஓட்டிப் பார்க்கலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். சுற்றுலா வண்டி ஓயாமல் வரும் பொதுச்சாலை அது.


தங்கச்சிமடத்தான் எழுதியது:

மூன்று வாரம் கழித்து வருகிறேன், தாமதத்துக்கு மன்னியுங்கள். நான்கு பேர் எழுதியதையும் அச்செடுத்துப் பட்டறைச் சுவரில் ஒட்டிவிட்டேன்.

அக்கா சொன்ன கணக்கை மாமா முதலில் நம்பவில்லை. அதனால் விங்கைத் தொடுவதற்கு முன்னால் 30க்கு 30 செ.மீ. அளவில் இரண்டு தகடு செய்தோம். ஒன்று மாமா தன் முறையில் இரண்டு மேட்டும் பாலியஸ்டரும் ஜெல் கோட்டும் போட்டது. இன்னொன்று நான் செய்தது, இரண்டு அடுக்குத் துணியும் எப்பாக்ஸியும். மாமாவுடையது 310 கிராம், என்னுடையது 90. மாமா இரண்டையும் இரண்டு கையில் வைத்துக் கொஞ்ச நேரம் பேசாமல் நின்றார். அப்புறம் என்னுடையதை வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கிப் பிடித்து, உள்ளே இருந்த காற்றுக் குமிழிகளை ஒவ்வொன்றாக விரல் வைத்துக் காட்டினார், பதினேழு. துணியை நனைக்கும்போது பிரஷ்ஷைக் குத்தக்கூடாது, இழுக்கவும் கூடாது, ஒரு ஓரத்திலிருந்து ரெசினைத் தள்ளிக்கொண்டே போய்க் காற்றுக்கு வெளியே போக வழி விட வேண்டும் என்று சொல்லிவிட்டு, அடுத்த தகட்டை அவரே எப்பாக்ஸியில் போட்டார். 84 கிராம், ஒரு குமிழி இல்லை. எப்பாக்ஸியைத் தராசில் கலப்பதை மட்டும் நான் பார்த்துக்கொள்கிறேன், துணி போடுவது இனி அவர் கையில்.

முன் விங்கும் செய்வது என்று அணியில் முடிவாகிவிட்டது, காக்காவின் 70 நியூட்டன் கணக்கைப் போர்டில் எழுதிய பிறகு யாரும் மறுக்கவில்லை. பின் விங் மெயினுக்கு ஃபோம் அறுத்தாயிற்று, இரண்டாவது தடவையில்தான் நடுவில் பள்ளம் இல்லாமல் வந்தது. ஒரு சந்தேகம் பாக்கி இருக்கிறது. மெயினின் முன்விளிம்பு உருண்டையில் துணி மடங்கித் தூக்கிக்கொள்கிறது, மேல் துணியும் கீழ்த் துணியும் அங்கே எப்படிச் சேர வேண்டும்?


உச்சிப்புளிக்காரி எழுதியது:

முன்விளிம்பில் சேர்க்கவே சேர்க்காதீர்கள். ஒரே துணியாக முன்விளிம்பைச் சுற்றிப் போர்த்தி, இரண்டு முனையையும் பின்விளிம்பில் கொண்டுபோய்ச் சேருங்கள். துணியை 45 டிகிரி சாய்த்து வெட்டிப் போட்டால் வளைவில் தானாகப் படியும், தூக்காது. பின்விளிம்பில் இரண்டு துணியும் ஒன்றின் மேல் ஒன்று ஒட்டி, இரண்டு பக்கமும் வேக்ஸ் பூசிய ரீப்பர் கட்டை வைத்து கிளாம்ப் போடுங்கள், நேர்க்கோடாக வரும். காய்ந்த பிறகு வெட்டிக்கொள்ளலாம்.


தேவிபட்டினம் பட்டறை எழுதியது:

கிளாம்ப் போதவில்லை என்றால் என்னிடம் பன்னிரண்டு இருக்கிறது தம்பி, ஞாயிற்றுக்கிழமை பாம்பன் வருகிறேன், எடுத்துவருகிறேன். அந்த 84 கிராம் தகட்டையும் பார்க்க வேண்டும்.